மஞ்சள் திரை போட்ட வீடு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் முழங்காலும் உங்கள் மகளும் எப்படி இருக்கிறார்கள்? முழங்காலை முதலில் விசாரித்தேன் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

போனில் பேசினால் என் குரல் தகரத்தில் ஆணியை உருட்டுவது போலக் கேட்கிறது என்கிறீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மளிகைச் சீட்டு எழுதிய கை இது.

கீழே நம் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அடுப்பை இடித்துப் பளபளவென்று தரை போட்டிருக்கிறார்கள். மாடியில் நான் மட்டும். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கை துறுதுறு என்கிறது. ரொட்டித் தகரம் தேய்க்கும் நேரம் அல்லவா? ஆளுக்கொரு பலகையைப் போட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலும் நாருமாக ஓரகத்திகள் இரண்டு பேரும் தேய்த்த தகரத்தை அடுக்கினால் இந்தத் தெருவையே மூடலாம்.

தேய்க்கும்போது ஒரு திட்டம் போடுவோமே, நினைவிருக்கிறதா? ஏரிக்கரையில் ஒரு வீடு. சன்னலில் மஞ்சள் திரை. வெளியே இரண்டு சாய்வு நாற்காலி. சமையல் இல்லை, கழுவல் இல்லை. யாரும் நம்மை எதற்கும் கூப்பிடக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் தினம் ஒரு துண்டாகச் சேர்த்த திட்டம். ரொட்டிக்கு லீவு ஏது? அடுப்பு அணையவில்லை, நாம் குழாயடியை விட்டு நகரவும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை, அடுப்பும் இல்லை. நம்மைத் தடுக்க ஒரு தகரம்கூட மிச்சமில்லை. போவோமா அக்கா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சின்னவள்


ஜனவரி 20

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசி. முழங்கால் இருக்கிறது. இருக்கிறேன், இருக்கிறேன் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டும் இருக்கிறது. மகள் கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்வருகிறாள். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்குப் பெற்றவளின் கண்ணாடியில் விழுந்த கீறல் தெரியவில்லை. கடையிலேயே வேலை செய்தால் அப்படித்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் என்றைக்கு நல்ல பன் சாப்பிட்டார்கள்? கருகினதும் உடைந்ததும்தானே.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போவோமா என்று கேட்கிறாய். என்ன கேள்வி இது? இப்போதே பையைக் கட்டச் சொன்னாலும் கட்டிவிடுவேன். ஆனால் எனக்கு வசதி வேண்டும். படி ஏற முடியாது. குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். இருட்டில் தடவிக்கொண்டு போகிற வயது போய்விட்டது. மெத்தை மெத்தையாக இருக்க வேண்டும். என் மகள் வாங்கிப் போட்டிருப்பது பெயருக்குத்தான் மெத்தை, மூன்று நாள் ஆன ரொட்டி மாதிரி இருக்கிறது.

அந்த மஞ்சள் திரையை எடுத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். காலை வெயில் அதில் பட்டதும் அறை முழுக்க வெண்ணெய் தடவியது போல இருக்குமே, அது ஒன்றே போதும் எனக்கு.

உன் மகனைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்காதீர்கள்.

வெண்ணெய் தடவிய அறையைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். குழாயடியில் நீங்கள் சொன்ன அதே வார்த்தை. மறக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

விசாரித்துவிட்டேன். என் மகனோடு வேலை செய்கிறவர் குடும்பத்தோடு போய்வந்த இடம். ஏரி, அதன் கரையில் ஒரே ஒரு வீடு. வாசலில் படி கிடையாது. சுடுதண்ணீர் உண்டு. வீட்டுக்காரம்மாவே மூன்று வேளையும் சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிடுவாராம். மீன் உண்டு, முட்டை உண்டு, கேட்டால் சூப்பும் உண்டு. கொசு இல்லை என்று சத்தியம் செய்கிறார். அந்தச் சத்தியத்தை மட்டும் நான் நம்பவில்லை. கொசுவலையை நானே எடுத்து வருகிறேன்.

படகும் இருக்கிறது. படகுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்க மறந்துவிட்டேன். வாய் திறக்காத மனிதராக இருக்க வேண்டும் என்பீர்கள் நீங்கள், கதை சொல்கிறவராக இருக்க வேண்டும் என்பேன் நான். இதற்காக ஒருநாள் முழுக்கப் பேசாமல் தேய்த்தோமே! இல்லாத படகுக்காரருக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டது உலகத்திலேயே நம் குழாயடியில்தான் இருக்கும்.

ஜூன் மாதத்துக்கு முன்பதிவு செய்யட்டுமா?

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

ஆசி. இங்கே எல்லாம் வழக்கம் போல. ஒத்தடம் கொடுத்தேன், கேட்கவில்லை.

புது இடம் எதற்கு? நீ விசாரித்தது நல்ல வீடாகவே இருக்கட்டும். நாம் போன இடத்துக்கே போவோம். தெரிந்த இடத்தில்தான் மனசு உட்காரும்.

நேற்றுப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலையில் நீ எழுந்திருக்கவே இல்லை. வெயில் ஏறியும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய். நான் மட்டும் வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்தேன். தண்ணீர் மேல் பனி நின்றது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பயமாகக்கூட இருந்தது. எதையோ அடுப்பில் விட்டுவிட்டு வந்தது போல. அப்புறம் அந்தப் பயமும் எழுந்து போய்விட்டது.

படகுக்காரர் தலையை ஆட்டினாரே தவிர ஒரு வார்த்தை பேசினாரா? நான்தான் ஜெயித்தேன். கடைசி நாள் மழை பிடித்ததே, அதைச் சொன்னால் டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தூறல் விழுந்ததும் நாம் இருவரும் துணி எடுக்க ஓடினோம். கொடியும் இல்லை, துணியும் இல்லை. நனைந்துகொண்டே நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அப்படி ஒரு சிரிப்பு நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து என் விரல் நுனி தண்ணீரில் ஊறிச் சுருங்காமல் இருந்தது அந்த மூன்று நாள்தான், சின்னவளே. அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போ.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். "சின்னவ எழுதலயா"ன்னு என்னைக் கேட்கிறாள், நான் ஒளித்து வைத்திருப்பது போல. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏதாவது மனவருத்தமா?

இன்னொன்று. நீங்கள் இருவரும் ஏரிக்கரை வீட்டுக்குப் போனது எப்போது? தெருவில் எல்லாரிடமும் அம்மா அதைச் சொல்லியாகிவிட்டது. எனக்கு நினைவே இல்லை. நான் அப்போது சின்னப் பிள்ளையா? எங்களை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர்கள்?

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது சில விஷயங்கள் நழுவுகின்றன. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறாள். போன வாரம் கடைக்குப் போனவள் வேறு தெருவில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் இது மெதுவாகக் கூடும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஏரிக்கரையைச் சொல்லும்போது மட்டும் ஒரு தடங்கல் இல்லை.

பதில் போடுங்கள் சித்தி. எனக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தபால் பெட்டிக்காக.

உங்கள் மகள்


ஏப்ரல் 4

அன்புள்ள கண்ணு,

நலமாக இரு. உன் அம்மாமேல் எனக்கு வருத்தமா? அப்படி ஒரு நாள் வராது. எழுதத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

நாங்கள் எங்கேயும் போகவில்லை, கண்ணு. ஒரு தடவைகூடப் போகவில்லை. அது குழாயடியில் பேசிப் பேசிக் கட்டின வீடு. மஞ்சள் திரை உன் அம்மா போட்டது. மழையில் இல்லாத துணியை எடுக்க ஓடுவது நான் சேர்த்தது.

ஒரே ஒரு தடவை கிளம்பினோம். பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அடுப்பின் மேல்வளைவிலிருந்து செங்கல் உள்ளே விழுந்தது. உன் அப்பாவும் சித்தப்பாவும் கரியும் புழுதியுமாக அடுப்புக்குள் இறங்கிவிட்டார்கள். உன் அம்மா பையைப் பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டுக் குழாயடிக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு தகரத்தைத் தேய்த்து முடித்தார். அப்புறம், "சின்னவளே, ஏரிக்கரையில இன்னைக்கு நல்ல மழையாம். நல்லவேளை நாம போகல"ன்னு சொன்னார். அன்றைக்கு அழுதது நான்தான்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கோபமும் வந்தது. பேக்கரி வீட்டில் இருந்த பெரியவர்களில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். நான் ஒன்றைச் சொன்னால் ஆமாம் என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் நடக்காததை நடந்தது என்றால், நடந்ததையெல்லாம் நான் யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது? பொய்க்குத் தலையாட்டவும் எனக்கு வராது. பதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

சித்தி


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கொஞ்சம் உடம்பு அசதி, இப்போது பரவாயில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஏரிக்கரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்கா, தப்பாக நினைக்கக் கூடாது. நாம் அங்கே போனோமா? போக வேண்டும் என்று பேசினோம். நிறையப் பேசினோம். எனக்குத் தெரிந்து போனதில்லை. அடுப்புச் செங்கல் விழுந்து பையைப் பிரித்தீர்களே, அது நினைவிருக்கிறதா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

போகாவிட்டால் என்ன, இப்போது போகத்தானே போகிறோம்.

சின்னவள்


ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசி, இந்தத் தடவை இரண்டு மடங்கு.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. மகளிடம்கூடக் காட்டவில்லை, தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு மறந்துபோய்விட்டதா? அதனால் ஒன்றுமில்லை. என்னைவிடச் சின்னவள் நீ, உனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம். ஆனால் வந்தால் என்ன செய்வது.

நீ பயப்படாதே. எனக்கே சில நாள் பால் அடுப்பில் இருப்பது மறந்துவிடுகிறது. அப்போது என் மகள் ஒரு முகம் வைத்துக்கொள்வாள். திட்டமாட்டாள், பாவம். "யோசிச்சுப் பாரும்மா"ன்னு மெதுவாகத்தான் சொல்வாள். அவள் திட்டினால்கூடத் தேவலை. அந்த முகத்தைப் பார்க்கிறபோது நான் எனக்கே வேண்டாதவளாகிப் போகிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த முகத்தை உன்னிடம் நான் காட்டவே மாட்டேன்.

நீ யோசித்துத் தலையைக் கசக்கிக்கொள்ளாதே. உனக்கு நினைவில்லாததை நான் வைத்திருக்கிறேன், நம் இரண்டு பேருக்கும் சேர்த்து. அங்கே போய் உட்கார்ந்தால் உனக்கே எல்லாம் வந்துவிடும். நான் கூட இருக்கிறேன்.

ராத்திரியில் பாதாம் ஊறப்போட்டுக் காலையில் சாப்பிடு. மூளைக்கு நல்லது என்று டீச்சர் சொன்னார்.

அக்கா


மே 2

கண்ணு,

சுகமாக இரு. அம்மா எனக்கு எழுதியதை உனக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் இனிமேல் பால் பொங்கினால் அடுப்பை அணைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசு. அவரை யோசிக்கச் சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் கேட்காதே.

ஏரிக்கரை வீட்டை ஜூன் பத்தாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டேன். அங்கே சன்னலில் இருப்பது வெள்ளைத் திரையாம். கடைத்தெருவில் நல்ல மஞ்சளாகத் துணி எடுத்துவந்து நானே தைக்கிறேன். முந்தின நாளே போய் மாட்டிவிடுவேன். வீட்டுக்காரம்மாவிடம் பேசியாயிற்று. "அம்மா ஏற்கெனவே வந்தவங்க"ன்னு சொல்லியிருக்கிறேன். அந்தப் புண்ணியவதி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

நீ காரில் அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடு. கிளம்புவதற்கு முன்னால், "இதுதானாம்மா அந்த வீடு"ன்னு ஒரு வார்த்தை கேள். போதும்.

சித்தி


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பாதாம் சாப்பிடுகிறேன். வேலை செய்கிறது.

நேற்று மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தபோது எல்லாம் வந்துவிட்டது. அந்த முதல் நாள் காலையில் நான் தூங்கவே இல்லை அக்கா. நீங்கள் வெளியே போனதும் முழித்துக்கொண்டேன். திரை இடுக்கு வழியாக உங்களைப் பார்த்தேன். கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் சத்தம் கொடுத்தால் காபி போட எழுந்துவிடுவீர்களே என்று தூங்குவது போலக் கிடந்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

இவ்வளவு நாள் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வீட்டையே பிடித்துவிட்டேன். ஜூன் பத்தாம் தேதி. கொசுவலை என் பொறுப்பு.

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

ஆசி. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வந்தபிறகு இரண்டு நாள் பேசியது, இப்போது அடங்கிவிட்டது. நீ சௌக்கியம்தானே?

நல்ல பயணம். உனக்கு ரொம்ப அலைச்சல். மெத்தை மெத்தையாகவே இருந்தது. மீன் அருமை. காலையில் கண்ணைத் திறந்ததும் அந்தத் திரை முழுக்க வெயில். என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று என் மகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது எதற்காக அழுதாள் என்று தெரியவில்லை. மூன்று நாள் என்னைப் பிரிந்திருக்க மாட்டாளோ என்னவோ.

படகுக்காரரைத்தான் மாற்றிவிட்டார்கள். இவர் வாயை மூடவில்லை. அவர் மருமகனின் வயிற்றுவலி வரைக்கும் தெரிந்துகொண்டாயிற்று. இந்தத் தடவை நீ ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி நாள் அந்த வீட்டுக்காரம்மா கோப்பைகளை எடுத்துப் போக வருவதற்குள் நாம் போய்க் கழுவிவிட்டோமே, திருட்டுத்தனமாக. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் என்ன குளிர்ச்சி! நீ கோப்பையைத் தேய்த்துக்கொண்டே கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். கடலோரத்தில் ஒரு வீடு, சன்னல் எந்தப் பக்கம் என்று. நாலே நாலு கோப்பையை எவ்வளவு நேரம் கழுவினோம்!

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை போனது போல இல்லை, சின்னவளே.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடலோர வீட்டுக்குச் சன்னல் கிழக்குப் பக்கம்தான். நீங்கள் மேற்கு என்று பிடிவாதம் பிடிப்பீர்கள், தெரியும். திரை என்ன நிறம் என்று யோசித்து எழுதுங்கள்.

முதல் தடவை போல இல்லை என்று எழுதியிருந்தீர்கள். குறையாக நினைக்கவில்லை அக்கா. உண்மைதானே? எவ்வளவு வசதி செய்தாலும் அது வராது. அந்தச் சிரிப்பு வராது. எனக்குத் தெரியாதா, முதல் தடவை நானும் உங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள்
சின்னவள்